டோசின் அபாசி எப்படி இத்தனை பேருக்குத் தெரிந்தார்? இணையம் இல்லாவிட்டால் வந்திருப்பாரா?

கம்பிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக வேறு யார் இசையையும் கேட்கத் தோன்றவில்லை, அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ் குழுவின் கிட்டார்காரர் டோசின் அபாசி மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். முதலில் கேட்டது அவர்களுடைய 'காஃபோ' என்ற உருப்படி. தொடக்கத்திலேயே சுரங்கள் அருவி மாதிரி கொட்டுகிற அந்த இடத்தில் பேருந்தில் உட்கார்ந்திருந்தவன் இறங்க வேண்டிய நிறுத்தத்தையே விட்டுவிட்டேன். நான் கிட்டார் பிடிக்க ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகிறது, ஆறு கம்பி வைத்துக்கொண்டே திணறுகிறேன், அவர் எட்டுக் கம்பியில் வாசிக்கிறார்.

என் கேள்வி இதுதான். இந்த இசையில் பாடகரே கிடையாது. வானொலியில் வராது, தொலைக்காட்சியில் வராது, கல்யாண வீட்டில் யாரும் போடமாட்டார்கள். மெட்டல் என்கிற அதிரடி ராக் இசையைக் கேட்பவர்களே குறைவு, அதிலும் பாட்டில்லாத மெட்டல் கேட்பவர்கள் இன்னும் குறைவு. அப்படியிருக்க உலகம் முழுக்க கிட்டார் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் இவர் பெயர் தெரிந்திருக்கிறதே, எப்படி? எல்லோரும் "யூடியூப்தான் காரணம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. யூடியூப்பில் வேகமாக வாசிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களெல்லாம் எங்கே? 20 வருடம் முன்னால் பிறந்திருந்தால் இவர் வந்திருப்பாரா? அந்தக் காலத்திலிருந்து கேட்டுவருகிறவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் முழுக்கப் படிப்பேன்.

பழைய கேசட்:

தம்பி, நல்ல கேள்வி. 20 வருடம் முன்னால் என்று கேட்டாய் இல்லையா, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1980களில் முன்பின் தெரியாத ஒரு கிட்டார்காரர் மேலே வருவதற்கு இருந்த வழி ஒரு தபால் உறை. கலிபோர்னியாவில் மைக் வார்னி என்று ஒருவர், 1980-ல் ஷ்ராப்னல் ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். 'கிட்டார் பிளேயர்' பத்திரிகையில் யாருக்கும் தெரியாத வாசிப்பாளர்களை அறிமுகப்படுத்தும் பகுதி ஒன்றை எழுதிவந்தார். வீட்டில் பதிவுசெய்த கேசட்டை உறையில் போட்டு ஒட்டி அவருக்கு அனுப்புவார்கள். ஸ்வீடனிலிருந்து அப்படி வந்த கேசட்களில் ஒன்று இங்வே மால்ம்ஸ்டீனுடையது. அதைக் கேட்டுவிட்டு வார்னி அந்த இளைஞரை 1983-ல் அமெரிக்காவுக்கே வரவழைத்து ஸ்டீலர் என்ற குழுவில் சேர்த்துவிட்டார். அடுத்த வருடமே 'ரைசிங் ஃபோர்ஸ்' ஆல்பம் வந்தது, அதற்கப்புறம் மெட்டல் கிட்டார் வாசிப்பே வேறு ஒன்றாகிவிட்டது. டோனி மெக்கால்பைன், ஜேசன் பெக்கர், மார்ட்டி ஃப்ரீட்மன் எல்லோரும் அதே ஷ்ராப்னல் வாசல் வழியாக வந்தவர்கள்தான்.

நன்றாக யோசித்துப் பார், ஒரே ஒரு மனிதரின் காது. அவருக்குப் பிடித்திருந்தால் கதவு திறக்கும், பிடிக்காவிட்டால் அந்தக் கேசட் ஒரு பெட்டியில் கிடக்கும். வார்னிமீது எனக்குக் குறை எதுவும் இல்லை, அவர் காது அபாரமான காது, அவர் இல்லாவிட்டால் இவர்களில் பாதிப் பேரை நாம் கேட்டிருக்கவே மாட்டோம். ஆனால் அந்தக் காதுக்குப் பழக்கமில்லாத ஒன்றை வாசித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நினைக்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

அப்புறம் 1991-ல் நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழு பெரிதாகப் பேர் வாங்கியது. அந்தப் பாட்டுகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதோடு பாட்டு நடுவே நீண்ட சோலோ, அதாவது தனி கிட்டார் வாசிப்பு, வாசிப்பதே ஏதோ தப்புக் காரியம் மாதிரி ஆகிவிட்டது. பத்து வருடம் அந்தப் பக்கம் பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அபாசி 1983-ல் பிறந்தவர், வாஷிங்டன் டி.சி., பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர் கிட்டாரைக் கையில் எடுத்த வயதில் வெளியே கிட்டார் வீரர்களுக்கு மதிப்பே இல்லாத காலம். 20 வருடம் முன்னால் என்ன, பத்து வருடம் முன்னால் ஆல்பத்தைக் கொண்டுபோயிருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

எனக்கு இங்வே வந்து சேர்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நண்பனின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கேசட், அதிலிருந்து ஒரு நகல், அந்த நகலிலிருந்து என் நகல். மூன்றாவது கைக்கு வரும்போது இரைச்சல்தான் முதலில் கேட்கும், அதற்கடியில் எங்கேயோ கிட்டார் கேட்கும். டேப் ரெக்கார்டரின் மேல் காதை வைத்துக் கேட்போம். கை எப்படிப் போகிறது என்று பார்க்க வழியே கிடையாது, அட்டையில் இருக்கிற படத்தை வைத்து விரல் எங்கே இருக்கும் என்று ஊகிப்போம். அதனால்தான் உன் தலைமுறையைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

வீட்டு ஸ்டுடியோ:

பழைய கேசட் அண்ணன் சொன்ன வரலாறு அருமை. அதற்கப்புறம் நடந்ததை நான் தொடர்கிறேன், ஏனென்றால் 2007 வாக்கில் நான் ராத்திரி முழுக்க அந்தக் கிட்டார் தளங்களிலேயே கிடந்தவன்.

அபாசியைப் புரிந்துகொள்ள முதலில் இன்னொருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும், மிஷா மன்சூர். மேரிலாந்துக்காரர், பிற்பாடு பெரிஃபெரி குழுவை வைத்து உலகம் சுற்றியவர். அன்றைக்கு அவர் 'பல்ப்' என்ற பெயரில் சவுண்ட்கிளிக் தளத்தில் தன் பதிவுகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். முடிந்த பாட்டு, முடியாத பாட்டு, வெறும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வரி), எதுவானாலும் ஏற்றிவிடுவார். ஏழுகம்பிக் கிட்டார்காரர்கள் கூடுகிற தளத்தில் வந்து இணைப்பைப் போடுவார், அடுத்த நிமிடமே கேள்விகள் வரும்: எந்த ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி), எந்தப் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்), டிரம்ஸ் யார்? டிரம்ஸ் யாருமில்லை. அது கணினியில் சுட்டியால் ஒவ்வொரு அடியாக வைத்த டிரம்ஸ். டூன்ட்ராக் நிறுவனத்தின் 'டிரம்கிட் ஃப்ரம் ஹெல்' என்ற மென்பொருள், அதில் இருக்கிற அடிகள் மெஷுகா குழுவின் டோமாஸ் ஹாக்கே தன் கையால் அடித்துப் பதிவுசெய்து கொடுத்தவை. அதாவது ஸ்வீடனில் இருக்கிற தன் ஆதர்சக் குழுவின் டிரம்மரையே ஒரு மேரிலாந்து பையன் படுக்கையறையில் உட்கார்ந்து தனக்காக வாசிக்க வைக்கிறான்! எனக்கு இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது. அதுவரை மெட்டல் ஆல்பம் என்றால் டிரம்ஸ் பதிவுக்குத்தான் பெரிய செலவு, பெரிய அறை, எத்தனையோ மைக், நாள் வாடகை. அந்தச் செலவு மொத்தமும் ஒரு மென்பொருளின் விலைக்கு இறங்கிவிட்டது. நம்ம தம்பி கேட்ட கேள்விக்கு நான் சொல்லும் பதிலில் பாதி இதுதான், யூடியூப் அப்புறம்தான் வருகிறது.

இப்போது அபாசி. அவர் ரிஃப்ளக்ஸ் என்ற குழுவில் இருந்தார், 2004-ல் ஒரு ஆல்பம் வந்தது. அவர் வாசிப்பைப் பார்த்த பிராஸ்தெடிக் ரெக்கார்ட்ஸ், "தனியாக ஒரு ஆல்பம் போடு" என்று கேட்டது. அவர் வேண்டாம் என்றார்! தன் பெயரில் ஆல்பம் போடுவது தற்பெருமையாகப் படும், அவசியமும் இல்லை என்பது அவர் எண்ணம். ரிஃப்ளக்ஸ் கலைந்த பிறகு அட்லாண்டாவில் இசைப்பள்ளி ஒன்றில் சேர்ந்து முறையாகப் படித்தார். அதுவரை பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர், ஊரே திரும்பிப் பார்க்கிற வேகம் ஏற்கெனவே கையில் இருந்தது, அப்படிப்பட்டவர் மறுபடி மாணவனாகப் போய் உட்கார்ந்தார். படித்துவிட்டு வந்துதான் அந்த ஆல்பத்துக்குச் சம்மதித்தார்.

2009-ல் வந்த முதல் 'அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ்' ஆல்பத்தில் குழுவே கிடையாது, தெரியுமா? கிட்டாரும் பேஸும் (அடிச் சுரங்களுக்கான தடித்த கம்பிக் கிட்டார்) அபாசி, டிரம்ஸ் நிரலும் பதிவும் மிஷா மன்சூர். இரண்டே பேர். கச்சேரிக்குப் போக வேண்டுமே என்று பிறகுதான் ஹாவியர் ரெயஸும் டிரம்மர் நவீன் கோப்பர்வைஸும் சேர்ந்தார்கள். 2012 முதல் டிரம்ஸில் மாட் கார்ஸ்ட்கா. பேஸ் கிட்டார்காரர் இன்றுவரை தனியாக இல்லை, எட்டாவது கம்பியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அந்தக் கம்பியை அவர் பல பாட்டுகளில் ஈ சுரத்துக்கு இறக்கி வைப்பார், சாதாரண பேஸ் கிட்டாரின் அடிக் கம்பியும் அதே சுரம்தான், 41 ஹெர்ட்ஸ் சொச்சம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். "இணையத்தால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம்" என்கிறோம், சரிதான். ஆனால் அபாசியும் மிஷாவும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். ரிஃப்ளக்ஸில் பாடிய ஆஷ் அவில்ட்சன்தான் சுமேரியன் ரெக்கார்ட்ஸ் தொடங்கியவர், பெரிஃபெரியின் முதல் ஆல்பத்தை 2010-ல் வெளியிட்டது அந்த நிறுவனம், அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸும் பின்னாளில் அங்கேயே போய்ச் சேர்ந்தது. ஆக, ஒரே வட்டாரத்து நண்பர்கள் நாலைந்து பேர் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்து, ஒரே அறையில் உட்கார்ந்து, "இதைக் கேளு, அதைக் கேளு" என்று செய்த காரியம் இது. அதை உலகத்துக்குக் கொண்டுபோனது இணையம். செய்து முடித்த இடம் அந்த அறை. இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம், ஏனென்றால் நம் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து காணொளி போட்டுப் போட்டு, பார்வை எண்ணிக்கையைப் பார்த்துச் சோர்ந்து போகிறார்கள், பக்கத்துத் தெருவில் டிரம்ஸ் வாசிக்கிறவன் பெயர்கூடத் தெரியாமல்.

மழைக்கால நிலா:

அண்ணா சொன்ன அறை விஷயத்தை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யூடியூப்பைக் கொஞ்சம் சீக்கிரமாகத் தள்ளிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. பழைய கேசட் ஐயா ஒரு வரி சொன்னாரே, கை எப்படிப் போகிறது என்று பார்க்க வழியே கிடையாது என்று, எனக்கு மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

அபாசியின் 'தம்ப்பிங்' முறையை எடுத்துக்கொள்வோம். 'ஆன் இன்ஃபினிட் ரெக்ரெஷன்' தொடக்கத்தில் வருகிறது, 2011-ல் வந்த 'வெயிட்லெஸ்' ஆல்பத்தில். காதால் மட்டும் கேட்டால் அது கிட்டாரா, பேஸா, கணினியா என்றே தெரியாது. நான் முதலில் பிக் (கம்பியை மீட்டும் சின்னச் சில்லு) வைத்து அடிக்கிறார் என்றுதான் நினைத்தேன், மூன்று வாரம் பிக்கோடு போராடினேன், அந்தச் சத்தம் வரவே இல்லை. அப்புறம் ஒரு காணொளியைக் கால் வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். பிக்கே இல்லை! வலது கைப் பெருவிரல் கம்பியை மேலிருந்து அடித்து, அதைத் தாண்டிக் கீழே போய் அடுத்த கம்பியின் மேல் ஒரு நொடிப்பொழுது சாய்ந்து நிற்கிறது. திரும்பி மேலே வரும்போது நகத்தின் ஓரத்தால் அதே கம்பியை மறுபடி கிள்ளுகிறது. ஆக ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், இரண்டு சத்தம். இவற்றுக்கு நடுவே இடது கை விரல் கம்பியை ஃபிரெட்டின் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் ஓங்கி அமுக்குவதில் இன்னொரு சத்தம் பிறக்கிறது. சில இடங்களில் ஆள்காட்டி விரலும் ஒரு கம்பியைக் கொக்கி போட்டு இழுக்கிறது. இரண்டு கையும் மாறி மாறி ஒரே கம்பியைப் பேச வைக்கின்றன, தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவது மாதிரி.

இதன் மூலம் பேஸ் கிட்டாரில் இருக்கிறது. விக்டர் வூட்டன் இரட்டைப் பெருவிரல் முறையில் வாசிப்பதை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். அபாசி அதை மெட்டலின் டிஸ்டார்ஷனுக்குள், அதாவது கிட்டாரைக் கரகரக்க வைக்கும் அந்த ஒலிக்குள், கொண்டுவந்தார். பேஸ் கம்பி தடிமன், அடித்தால் தாங்கும். கிட்டாரின் எட்டாவது கம்பியும் கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான், அதனால்தான் அது அங்கே நடக்கிறது. 2007-ல் ஐபனீஸ் என்ற கிட்டார் நிறுவனம் எட்டுக்கம்பிக் கிட்டாரைத் தொழிற்சாலையில் செய்து கடைக்குக் கொண்டுவந்தது. அதுவரை தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டிய வாத்தியம் அது. கருவி கடைக்கு வந்த நேரமும், வீட்டில் பதிவுசெய்யும் வசதி வந்த நேரமும், காணொளி பார்க்கிற வசதி வந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

இந்த மாதிரி ஒரு முறையை எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது. பார்க்க வேண்டும், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எனக்கு முதன்முதலில் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர், பெயர் வேண்டாம், "இதெல்லாம் வாசிப்பே இல்லை, கம்பியை நாசம் பண்ணாதே" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். காணொளி இல்லாவிட்டால் அவர் சொன்னதே எனக்குக் கடைசி வார்த்தையாக இருந்திருக்கும்.

கம்பிக்காரன், யூடியூப்பில் வேகமாக வாசிக்கும் ஆயிரம் பேர் எங்கே என்று கேட்டீர்கள். ஒருவரைச் சொல்கிறேன். யூடியூப் தொடங்கிய 2005-ன் கடைசியில் 'கிட்டார்' என்ற ஒற்றைச் சொல் தலைப்பில் ஒரு காணொளி வந்தது. ஒரு அறை, பின்னால் ஜன்னல், அதிலிருந்து வெயில் கொட்டுகிறது, கட்டிலில் ஒரு இளைஞன், தொப்பி முகத்தை மறைக்கிறது, பாகெல்பெல் என்ற பழைய ஐரோப்பிய இசையமைப்பாளரின் 'கேனன்' இசையை மெட்டலாக மாற்றி வாசிக்கிறான். அந்த மெட்டல் வடிவத்தை அமைத்தவர் ஜெர்ரிசி என்ற தைவான் இளைஞர், வாசித்தவர் ஃபன்டூ என்ற பெயரில் இருந்த கொரியர், லிம் ஜியோங்ஹியுன். 2006 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை வருகிறவரை அது யார் என்றே பலருக்குத் தெரியாது, ஆளாளுக்கு "அது நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அற்புதமான வாசிப்பு, எனக்குக் கிட்டார் ஆசை வந்ததே அதைப் பார்த்துத்தான். ஆனால் அவர் வாசித்தது இன்னொருவர் அமைத்தது. மக்கள் அந்தக் காணொளியை ஞாபகம் வைத்திருக்கிறார்கள், அடுத்து அவர் என்ன செய்தார் என்று தேடியவர்கள் குறைவு. அபாசியிடம் அடுத்தது இருந்தது, அதற்கடுத்ததும் இருந்தது. சொந்தமாக இசையமைக்கிறவரைத்தான் ஆட்கள் திரும்பி வந்து தேடுவார்கள்.

தனி ஆவர்த்தனம்:

நான் கிட்டார் வாசிப்பவன் இல்லை, மிருதங்கம் கற்றுக்கொள்பவன், மகன் கேட்கிறானே என்று இந்த இசைக்குள் வந்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இதைக் கணக்குத் தெரியாமல் கேட்டால் குழப்பமாக இருக்கும். மெஷுகாவிலிருந்து வந்த பழக்கம்: டிரம்மரின் ஒரு கை நாலு நாலாகவே அடித்துக்கொண்டிருக்கும், கிட்டார் அதன்மேல் ஐந்தாகவோ ஏழாகவோ போகும். நாம் ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு தகதகிட தகதகிட என்று ஐந்தைந்தாகச் சொல்கிற மாதிரி. அடிக்கு நாலாக 32 மாத்திரையில் ஐந்து ஆறு தடவை போனால் 30, மீதி இரண்டு. நாம் அந்த இரண்டைக் கணக்குப் பண்ணி அழகாகச் சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் இடத்துக்கு, கொண்டுவருவோம். இவர்கள் பல இடத்தில் சொற்கட்டைப் பாதியில் வெட்டிவிட்டு சமத்தில் வந்து மோதுகிறார்கள். அந்த மோதல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாட் கார்ஸ்ட்காவின் கையைப் பாருங்கள், வேகம் எல்லாம் சரி, அந்த நிதானத்தைப் பாருங்கள்.

கம்பிக்காரன்:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அவர் ஆல்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போனது எனக்குத் தெரியவே தெரியாது, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்று கேட்கிறேன். இப்படிப் பெயர் வந்த பிறகு வருமானம் எப்படி? வீட்டில் அப்பா கேட்கிற முதல் கேள்வி அதுதான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வீட்டு ஸ்டுடியோ:

அப்பா கேட்பது நியாயமான கேள்வி, மறைக்காமல் சொல்கிறேன். பாட்டு கேட்கிற செயலிகளிலிருந்து வருகிற காசை வைத்து இந்த மாதிரி இசையில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. மிஷா மன்சூரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், குழுவை மட்டும் நம்பி வாழ முடியாது, மற்ற வேலைகள்தான் சோறு போடுகின்றன என்று. கிராமி பரிந்துரைவரை போன குழு அந்தப் பெரிஃபெரி. அதனால் அவர் ஜாக்சன் நிறுவனத்தில் தன் பெயரில் கிட்டார், ஹொரைசன் டிவைசஸ் என்று பெடல் (கிட்டார் ஒலியை மாற்றும் காலடிப் பெட்டி) செய்கிற நிறுவனம், நண்பர்களோடு சேர்ந்து டிரம்ஸ் மென்பொருள் விற்கும் கெட்குட் டிரம்ஸ் என்று பல வேலை பார்க்கிறார். பாருங்கள், கணினி டிரம்ஸை வாங்கி ஆரம்பித்தவர் கடைசியில் கணினி டிரம்ஸ் விற்கிறவராகிவிட்டார்.

அபாசியும் அப்படித்தான். முதலில் ஐபனீஸில் அவர் பெயரில் எட்டுக்கம்பிக் கிட்டார் வந்தது, பிறகு அபாசி கான்செப்ட்ஸ் என்று சொந்தமாகவே கிட்டார் நிறுவனம் ஆரம்பித்தார். லராடா என்ற அந்தக் கிட்டாரைப் பார்த்தால் அதில் ஃபிரெட்கள் நேராக இல்லாமல் விசிறி மாதிரி சாய்ந்திருக்கும், தடித்த கம்பிக்கு நீளம் அதிகம், மெல்லிய கம்பிக்கு நீளம் குறைவு, அப்போதுதான் அடிக் கம்பி தொளதொளவென்று ஆடாமல் இறுக்கமாகப் பேசும். ஃபிஷ்மன் நிறுவனத்தின் பிக்கப், நியூரல் டிஎஸ்பி நிறுவனத்தின் மென்பொருள் என்று அவர் பெயரில் வேறு சிலவும் உண்டு. இதையெல்லாம் வாங்குவது யார்? அவர் இசையைக் கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் தாங்களே கிட்டார் வாசிக்கிறவர்கள், அவர்கள்தான். கேட்கிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வருகிறவர் முழு மனதோடு வருகிறார். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கூடவே ஒரு படிப்பையும் விடாதீர்கள், மிக்சிங் என்கிற ஒலிக்கலவை வேலையோ மின்னணுவோ ஏதாவது ஒன்று.

பழைய கேசட்:

முதல் பதிவில் சொல்ல நினைத்து விட்டுப்போனது ஒன்று. 2016-ல் ஸ்டீவ் வாய் 'ஜெனரேஷன் ஆக்ஸ்' என்று ஒரு சுற்றுப்பயணம் ஏற்பாடு செய்தார். ஐந்து கிட்டார்காரர்கள்: ஸ்டீவ் வாய், சாக் வைல்ட், நுனோ பெட்டன்கோர்ட், இங்வே மால்ம்ஸ்டீன், ஐந்தாவது டோசின் அபாசி. கேசட்டைத் தபாலில் அனுப்பி வந்தவரும் கணினி டிரம்ஸோடு ஆல்பம் போட்டு வந்தவரும் ஒரே மேடையில். அந்த வரிசையில் அபாசிதான் எல்லோருக்கும் இளையவர். அந்தக் கச்சேரிக் காணொளியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. மற்ற நால்வரும் மேடை முழுக்க நிறைந்து நிற்கிற ஆட்கள், இவர் அமைதியாக, கிட்டாரின் கழுத்து மேல் நோக்கி நிமிர்ந்திருக்க, தன் கையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருப்பார். என் மூன்றாம் நகல் கேசட்டில் இரைச்சலுக்கடியில் கேட்ட அந்த மனிதர் பக்கத்தில் இவர் நிற்கிறார் என்பதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது தம்பி, வயசாகிவிட்டது இல்லையா.

ஒரு சின்னத் திருத்தமும் சொல்ல வேண்டும். சில இடங்களில் "மெட்டலில் முதல் கருப்பின வித்தகர்" என்று இவரைப் பற்றி எழுதுகிறார்கள். அது தவறு. நான் மேலே சொன்ன டோனி மெக்கால்பைன் 1980களிலேயே ஷ்ராப்னலில் ஆல்பம் போட்டவர், பியானோவும் அதே தரத்தில் வாசிப்பவர். லிவிங் கலர் குழுவின் வெர்னான் ரீட் இருக்கிறார். அபாசியின் சொந்த ஊரான வாஷிங்டனிலிருந்தே பேட் பிரெயின்ஸ் என்ற கருப்பினக் குழு வந்தது. இவர்களையும் தேடிக் கேள், அபாசியை இன்னும் நன்றாகக் கேட்பாய்.

மழைக்கால நிலா:

கம்பிக்காரன், தம்ப்பிங் பழக எட்டுக்கம்பி வாங்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள், விலையும் அதிகம். ஆறாவது கம்பியை மட்டும் கொஞ்சம் தடிமனாக மாற்றி, இரண்டு சுரம் கீழே இறக்கி வையுங்கள். ஆம்ப் போடாமல் முதலில் பழகுங்கள், டிஸ்டார்ஷன் போட்டால் தப்பெல்லாம் மறைந்துவிடும். மெட்ரோனோம் என்கிற தாளக் கருவியை நிமிடத்துக்கு 50 அடியில் வைத்து, இறக்கம், இடது கை அமுக்கல், ஏற்றம், இந்த மூன்று மட்டும். பெருவிரல் மணிக்கட்டிலிருந்து திரும்ப வேண்டும், கதவுப் பிடியைத் திருப்புகிற மாதிரி. விரலை மட்டும் ஆட்டினால் பத்து நிமிடத்தில் வலி வந்துவிடும்.

கம்பிக்காரன்:

நிலா அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். மூன்று நாளாக 50-லேயே இருக்கிறேன். இறக்கமும் அமுக்கலும் வந்துவிட்டன, ஏற்றம் மட்டும் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நகத்தைக் கொஞ்சம் வளரவிட்டேன், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன், நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு முதல்முறையாக மூன்று சத்தமும் ஒரே அளவில் விழுந்தன. நாலைந்து தடவைதான் நின்றது, அப்புறம் கலைந்துவிட்டது. ஆனால் அந்த நாலைந்து தடவை கேட்ட சத்தம் அவர் ஆல்பத்தில் கேட்கிற அதே சத்தம்தான்.

வீட்டு ஸ்டுடியோ அண்ணா சொன்னதும் மனசில் நிற்கிறது. எங்கள் கல்லூரியில் விடுதி நிகழ்ச்சிக்கு டிரம்ஸ் வாசிக்கிற ஒரு பையன் இருக்கிறான், இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு தடவைகூடப் பேசியதில்லை. இன்று சாப்பாட்டு வரிசையில் போய்க் கேட்டேன். மெஷுகா தெரியுமா என்றதும் தட்டை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் அடித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டான். சனிக்கிழமை அவன் அறையில் சந்திக்கிறோம்.